சேவை என்று சொல்லாதீர்கள், சம்பளம் வாங்குகிறேன்

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னைப் பெருமையோடு பார்த்தார்கள், மீதிப் பேர் இந்தப் பெண்ணுக்கு இங்கே என்ன குறை என்பது போலப் பார்த்தார்கள். பெரியப்பா மட்டும் மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் கேட்டுவிட்டார். "துபாய், லண்டன்னா சரி. சியரா லியோன்ல என்னம்மா இருக்கு?" நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொண்டு, "அவ சேவை செய்யப் போறா, சும்மா இருங்கண்ணே" என்று முடித்துவிட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஓர் உறுத்தல். இது சம்பளத்துக்குப் பார்க்கிற வேலை. மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையின் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கால் வீங்க நின்று வாங்கியதைவிட இங்கே அதிகமாகவே தருகிறார்கள். விமானச் செலவு அவர்களுடையது, தங்குமிடம் அவர்களுடையது, சில மாதங்களுக்கு ஒருமுறை கட்டாய ஓய்வு வேறு, உடம்புக்கு ஏதாவது வந்தால் நாட்டை விட்டே தூக்கிக்கொண்டு போக இன்சூரன்ஸும் உண்டு. ஒரு சர்வதேச மருத்துவ உதவி அமைப்பில், ஒரு வருட ஒப்பந்தத்தில், கிழக்கு சியரா லியோனின் கெனிமா நகரத்துக்கு வந்திருக்கிறேன். குழந்தைகள் வார்டுகளுக்குச் செவிலியர் மேற்பார்வையாளர். அவ்வளவுதான். இதில் தியாகம் எங்கே இருக்கிறது என்று நானும் தேடிக்கொண்டிருக்கிறேன். தியாகம் என்று ஒன்று இருந்தால் அது என் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களிடம்தான் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நாட்டைப் பற்றிக் கொஞ்சம். மேற்கு ஆப்பிரிக்காவில் கினிக்கும் லைபீரியாவுக்கும் நடுவில் அட்லாண்டிக் கரையில் இருக்கிறது. மக்கள்தொகை 80 லட்சத்துச் சொச்சம், சென்னையும் அதைச் சுற்றியிருக்கிற ஊர்களும் சேர்ந்த அளவுகூட இல்லை. 1991-லிருந்து 2002 வரை உள்நாட்டுப் போர், அந்தப் போருக்குப் பணமாக ஓடியது மண்ணிலிருந்து எடுத்த வைரம். அதிலிருந்து எழுந்து, 2010-ல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை என்று அறிவித்து, கொஞ்சம் மூச்சு விடுவதற்குள் 2014-ல் எபோலா கொள்ளைநோய் வந்தது. கெனிமா இது எல்லாவற்றையும் மிக அருகில் இருந்து பார்த்த ஊர். இன்றைக்கும் ஹங்கா ரோட்டில் நடந்தால் வைரம் வாங்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன, பலவும் லெபனான் வம்சாவளியினர் நடத்துபவை, வாசலில் வைரப் படம் வரைந்த போர்டு. ஊருக்குப் பின்னால் காம்புயி மலை, பச்சைப்பசேல் என்று.

கிளம்பும் முன் செய்ய வேண்டிய வேலைகளில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் முதல். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டு அந்தச் சின்ன மஞ்சள் புத்தகத்தை வாங்கினேன். போட்ட 10 நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும், ஆகவே கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும் என்று 2016-ல் விதியை மாற்றிவிட்டார்கள். போகும்போது கேட்பதைவிடத் திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்தில்தான் கறாராகக் கேட்பார்கள், இல்லையென்றால் 6 நாள் வரை தனியாக உட்கார வைத்துவிடலாம். வெறிநாய்க்கடி, டைஃபாய்டு, ஹெபடைடிஸ் என்று கையில் இடமில்லாமல் குத்தினார்கள். மலேரியாவுக்கு மட்டும் எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு ஊசி கிடையாது, வருடம் முழுக்க மாத்திரைதான். மெஃப்ளோகுயின் வாரத்துக்கு ஒன்று போதும், ஆனால் கெட்ட கனவுகள் வரும் என்று முன்னால் போய்வந்தவர்கள் பயமுறுத்தினதால் தினம் ஒரு டாக்சிசைக்ளின். அதைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் எரிகிறது. மதுரை வெயிலில் வளர்ந்தவளுக்கு சன்ஸ்கிரீன் தேவைப்படும் என்று யார் நினைத்தார்கள்.

பிரஸ்ஸல்ஸ் வழியாக விமானம். இறங்கும் இடத்தின் பெயர் லுங்கி. 2023-ல் திறந்த புது முனையம், பளபளவென்று இருக்கிறது. ஆனால் தலைநகர் ஃப்ரீடவுன் இருப்பது அக்கரையில், நடுவில் மிக அகலமான கழிமுகம். தரை வழியே சுற்றிப் போனால் மணிக்கணக்கு ஆகும் என்பதால் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டுப் படகில் ஏற்றிவிட்டார்கள். பெட்டிகள் தனியாக வந்தன. ராத்திரி, அலை கொஞ்சம் ஜாஸ்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியம்மா முழு நேரமும் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார், அது எனக்கும் சேர்த்து என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கிருந்து கெனிமாவுக்குக் கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர். மசியாகா, போ என்று வழியில் ஊர்கள். நல்ல தார்ச்சாலை, இதை நான் எதிர்பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றால் போதும், தலையில் தாம்பாளத்தோடு பெண்கள் ஓடி வருகிறார்கள், வேர்க்கடலை, வாழைப்பழம், வேகவைத்த முட்டை. சாலையில் கூரை மேல் மூட்டை, ஆடு, சில சமயம் ஆள் எல்லாம் ஏற்றிக்கொண்டு மினி வேன்கள் போகின்றன, அதற்கு இங்கே பெயர் போடா-போடா. (நான் வைத்த பெயர் இல்லை.) மோட்டார் சைக்கிள் டாக்சிக்கு ஓக்காடா, நம் ஷேர் ஆட்டோவுக்கு கேகே. ஓக்காடாக்களில் எத்தனை டிவிஎஸ் தெரியுமா! ஓசூரிலிருந்து கிளம்பின வண்டி எனக்கு முன்னால் வந்து சேர்ந்து, சிவப்புப் புழுதியில் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஜோராக ஓடுகிறது. ஆனால் எங்கள் அமைப்பில் யாரும் ஓக்காடாவில் ஏறக்கூடாது. இங்கே வெளிநாட்டிலிருந்து வந்த மருத்துவப் பணியாளர்களுக்குத் தொற்றுநோயைவிடச் சாலை விபத்துதான் பெரிய ஆபத்து என்று முதல் நாள் விளக்கக் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

வீடு பல நாட்டுக்காரர்களோடு சேர்ந்து இருக்கும் வீடு. காங்கோவிலிருந்து ஒரு மருத்துவர், இத்தாலியிலிருந்து மருந்தகப் பொறுப்பாளர், ஜப்பானிலிருந்து ஒரு மருத்துவச்சி, இன்னும் சிலர். எனக்கு ஓர் அறை, கொசுவலை, ஒரு மேசை, ஒரு ஃபேன். ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில்தான் ஃபேன். தண்ணீர் பெரும்பாலும் வாளியில், அது எனக்குப் புதிதில்லை, இத்தாலிக்காரர்தான் கொஞ்சம் திணறுகிறார். இரவு குறிப்பிட்ட நேரத்துக்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும், வெளியே போனால் வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். முதல் சில நாட்கள் காலேஜ் ஹாஸ்டலுக்குத் திரும்பின மாதிரி எரிச்சலாக இருந்தது. பழகிவிட்டது.

பழகாத விஷயம் எலி. நம் வீட்டில் எலி என்றால் பொறி வைப்போம், மிஞ்சிப்போனால் துணியைக் கடித்துவிட்டதே என்று திட்டுவோம். இங்கே எலி என்றால் லாசா காய்ச்சல். 1969-ல் நைஜீரியாவில் லாசா என்ற ஊரில் கண்டுபிடித்தது. மாஸ்டோமிஸ் என்ற, வீட்டுக்குள் சர்வசாதாரணமாக வந்துபோகிற ஒரு எலி வகையின் சிறுநீரிலும் எச்சத்திலும் இருந்து மனிதருக்கு வருகிறது, அப்புறம் நோயாளியின் ரத்தம், உடல் திரவங்கள் வழியாக மருத்துவமனைக்குள் பரவுகிறது. பத்தில் எட்டுப் பேருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது, மலேரியா போல வந்து போய்விடும். மீதிப் பேருக்குத்தான் கடுமை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் வந்தால் பெரும்பாலும் தாயோ குழந்தையோ இருவருமோ பிழைப்பதில்லை. பிழைத்தவர்களிலும் நாலில் ஒருவருக்குக் காது பாதிக்கப்படுகிறது. கெனிமாவும் அதைச் சுற்றியுள்ள மாவட்டங்களும் இதற்குப் பேர்போன இடம், அரசு மருத்துவமனையில் லாசாவுக்கென்றே தனி வார்டும் பரிசோதனைக்கூடமும் இருக்கின்றன. வறண்ட காலத்தில்தான் அதிகம், நான் வந்து இறங்கியதும் அப்போதுதான். ஆகவே என் அரிசியும் பருப்பும் இறுக்கமாக மூடின டப்பாக்களில் இருக்கின்றன, சமையலறை மேடையில் ராத்திரி ஒரு பருக்கை இருந்தாலும் ஜப்பானியத் தோழி என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். ஊரில் அப்பளமும் வடகமும் வெயிலில் காயப் போடுவோமே, அதே மாதிரி இங்கே தரையில் நெல்லும் மரவள்ளியும் காய்வதைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்கு முதலில் எலிதான் ஞாபகம் வருகிறது.

எபோலாவை முதலில் இந்த நாட்டில் உறுதி செய்ததும் அந்த லாசா பரிசோதனைக்கூடம்தான், 2014 மே மாதம். அந்த வார்டை நடத்தியவர் ஷேக் ஹுமார் கான் என்ற மருத்துவர். வேலையை விட்டு ஓடியிருக்கலாம், ஓடவில்லை. ஜூலையில் அவருக்கே நோய் வந்தது. அவர் கூட வேலை பார்த்த தலைமைச் செவிலியர் முபாலு ஃபோனியும் அதே மாதம் இறந்தார், இன்னும் பலரும். கானுக்குச் சிகிச்சை நடந்த மையத்தில் அப்போது சோதனை நிலையில் இருந்த ஒரு மருந்து கைவசம் இருந்தும், கொடுப்பதா வேண்டாமா என்று விவாதித்துக் கொடுக்கவில்லை. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் பேச்சும் நடந்தது, நிறைவேறவில்லை. ஜூலை 29 அன்று இறந்துபோனார். அடுத்த சில நாட்களில் பக்கத்து லைபீரியாவில் நோயுற்ற இரண்டு அமெரிக்கர்களுக்கு அதே மருந்து கொடுத்து, தனி விமானத்தில் அட்லாண்டாவுக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார்கள். அவர்கள் பிழைத்ததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் என் ஒப்பந்தத்தின் இன்சூரன்ஸ் பக்கத்தை இப்போது படிக்கும்போது இது நினைவுக்கு வராமல் இல்லை. நாட்டில் மொத்தம் 14,124 பேருக்கு நோய், 3,956 பேர் மரணம், அதில் 200-க்கும் மேல் மருத்துவப் பணியாளர்கள்.

எனக்கு லாசா வந்தால் என்னை அனுப்பி வைப்பார்கள். என் கூட இரவு ஷிஃப்டில் இருக்கும் செவிலியருக்கு வந்தால் அவர் கெனிமா வார்டில்தான் படுக்க வேண்டும். இருவரும் ஒரே குழந்தைக்குத்தான் ஊசி போடுகிறோம். என் வீட்டில் 'சேவை' என்று சொல்லும்போது இதைத்தான் சொல்லிப் புரியவைக்க முயற்சி செய்து தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

சரி, வார்டு.

எங்கள் வளாகத்தில் நுழையும் இடத்திலேயே குளோரின் தண்ணீர் குழாய், 0.05 சதவீதக் கரைசல், கையைக் கழுவினால்தான் உள்ளே. கழுவிக் கழுவி என் விரல்கள் சலவைத் தொழிலாளி விரல்கள் ஆகிவிட்டன. நெற்றியில் தெர்மாமீட்டரைக் காட்டுவார்கள். எபோலா நாட்களில் யாரும் யாரையும் தொடாதீர்கள் என்று நாடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்கள், அதன் மிச்சம் இன்னும் சிலரிடம் இருக்கிறது, கை கொடுப்பதற்குப் பதில் நெஞ்சில் கை வைத்துக் கும்பிடுவது போல ஒரு வணக்கம். எனக்கு அது ரொம்ப வசதி.

வரும் குழந்தைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குக் கீழே. மலேரியா, நிமோனியா, வயிற்றுப்போக்கு, ஊட்டச்சத்துக் குறைபாடு. ஒன்றின் மேல் ஒன்று ஏறி வரும். வலிப்போடு வருவார்கள், ரத்தமே இல்லாமல் வெளிறி வருவார்கள். மதுரையிலும் டெங்கு காலத்தில் நெருக்கடி பார்த்தவள்தான் நான், ஆனால் அங்கே ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு மானிட்டர், ஏதாவது ஒன்று குறைந்தால் மெஷின் கத்தும். இங்கே கத்துவதற்கு மெஷின் இல்லை. ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியைப் படுக்கை படுக்கையாக எடுத்துக்கொண்டு போக வேண்டும், மீதி நேரத்துக்குக் கண்ணும் கையும்தான்.

கண்ணும் கையும் என்றால் என்ன என்பதை எனக்குக் காட்டுபவர் வார்டுப் பொறுப்புச் செவிலியர். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், எபோலா காலம் முழுக்க இதே ஊரில் வேலை பார்த்தவர். குழந்தையின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பார், உதட்டின் உள்பக்கத்தைப் பார்ப்பார், "நாலு இருக்கும்" என்பார். ஹீமோகுளோபின். லேப் முடிவு வரும்போது பெரும்பாலும் நாலுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ கொஞ்சம்தான் இருக்கும். முடிவு வருவதற்குள் அவர் அப்பாவை ரத்தம் கொடுக்க அனுப்பியிருப்பார். அப்பா வர மறுத்தால் தாத்தாவிடம் பேசுவார், தாத்தாவும் மசியவில்லையென்றால் வாட்ச்மேன், டிரைவர் என்று யாரையாவது பிடித்துவிடுவார்.

நான் இங்கே வந்ததும் முதலில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது ஒரு விஷயத்தில். ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் குறைந்து துவண்டு வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக வேகமாக சலைன் ஏற்றுவது எங்களுக்கெல்லாம் தூக்கத்திலும் வருகிற காரியம். 2011-ல் உகாண்டா, கென்யா, தான்சானியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. கடும் காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குறைந்து வந்த குழந்தைகளுக்கு அப்படி வேகமாகத் திரவம் ஏற்றினால், ஏற்றாதவர்களைவிட இறப்பு அதிகம் என்றது. 48 மணி நேரத்துக்குள் ஏற்றியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல், ஏற்றாதவர்களில் ஏழு பேருக்குச் சற்று மேல். வென்டிலேட்டர் இல்லாத இடம், மலேரியா, ரத்தசோகை இதெல்லாம் சேர்ந்தால் கணக்கு வேறு. படித்திருந்தேன், ஆனால் படிப்பது ஒன்று, கண் முன்னால் கை கால் ஜில்லென்று கிடக்கும் குழந்தைக்கு முன் மெதுவாக, மெதுவாக என்று நிற்பது வேறு. மலேரியாவுக்கு ஆர்ட்டிசுனேட் ஊசி, 20 கிலோவுக்குக் கீழே என்றால் கிலோவுக்கு 3 மில்லிகிராம், உடனே ஒன்று, 12 மணி நேரத்தில் ஒன்று, 24-ல் ஒன்று. இந்த ஊசி செய்யும் மாயத்தைப் பார்த்தால்தான் நம்புவீர்கள். நேற்று நினைவே இல்லாமல் கிடந்தது, இன்றைக்கு சாயங்காலம் உட்கார்ந்துகொண்டு என் அடையாள அட்டையைப் பிடித்து இழுக்கிறது. மருந்துப் பெட்டியில் திருப்பிப் பார்த்தால் பல தடவை 'இந்தியத் தயாரிப்பு'.

எல்லாரும் அப்படி எழுந்து உட்கார்ந்துவிடுவதில்லை. மதுரையில் ஒரு வருடத்தில் நான் பார்த்த அளவு மரணங்களை இங்கே மிகச் சீக்கிரத்தில் பார்த்துவிட்டேன். தாமதமாக வருகிறார்கள். ஏன் தாமதம் என்று கோபப்படுவது சுலபம். ஓக்காடாவுக்குக் காசு வேண்டும், மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்க வேண்டும், வீட்டில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், கணவரோ மாமியாரோ சரி என்று சொல்ல வேண்டும். அதற்குள் முதலில் நாட்டு மருந்து, அப்புறம் கிராமத்துச் சுகாதார நிலையம், அப்புறம்தான் இங்கே. தேனி மலைக் கிராமங்களிலிருந்து வரும் தாய்மாரிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன்.

மேற்பார்வையாளர் என்ற பதவிதான் எனக்கு இன்னும் சட்டை அளவு சரியில்லாமல் இருக்கிறது. நான் ஊசி போடக்கூடாது என்று இல்லை, ஆனால் நான் போட்டுக்கொண்டே இருந்தால் என் வேலையை யார் பார்ப்பது. வந்த புதிதில், அவசரப் பிரிவில் ஆக்சிஜன் இயந்திரம் வைத்திருக்கும் இடத்தைப் பார்த்து, இதை வாசல் பக்கம் வைத்தால் வசதியாக இருக்குமே என்று பொறுப்புச் செவிலியரிடம் கேட்டேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்புறம் சொன்னார், "சிஸ்டர், ஒரு தடவை வாசல் பக்கம் வைத்தோம், உங்களுக்கு முன்னால் வந்தவர் சொன்னார் என்று. அவருக்கு முன்னால் வந்தவர் ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னார். மழை வந்தால் வாசலில் சாரல் அடிக்கும், ஜன்னல் பக்கம் பிளக் வேலை செய்யாது. அதனால் இங்கே இருக்கிறது."

வருடத்துக்கு ஒருவர், சில சமயம் ஆறு மாதத்துக்கு ஒருவர், ஏதோ ஒரு நாட்டிலிருந்து உற்சாகத்தோடு வந்து இறங்கி அலமாரியை நகர்த்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் போன பின் அலமாரியைப் பழைய இடத்துக்குத் தள்ளுவதும் இவர்கள் வேலைதான். இப்படி உதவிக்கு வருகிறவர்களை வரவேற்று, பழக்கி, ஊர் காட்டி, வழியனுப்பிவைக்கும் உழைப்பை யாரும் எந்த அறிக்கையிலும் எழுதுவதில்லை. ஆகவே நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன்: மழைக்காலம் ஒன்றை முழுதாகப் பார்க்கும்வரை எதையும் நகர்த்தப்போவதில்லை. அப்படியானால் என்னதான் பயன் நீ என்று கேட்டால், இருக்கிறது. தலைநகர அலுவலகத்துக்கு மெயில் எழுதி விடாமல் நச்சரிப்பது, குழந்தைகளுக்கு நரம்பில் மருந்து ஏற்றப் போடும் சின்னக் குழாய்கள், கேனுலாக்கள், தீர்ந்துபோவதற்கு முன்னாலேயே வரவழைப்பது, பயிற்சி வகுப்பை நான் எடுக்காமல் பொறுப்புச் செவிலியரை எடுக்கவைத்து அவர் பெயரையே அறிக்கையில் போடுவது. வெளியிலிருந்து வந்தவளின் குரலுக்கு அலுவலகத்தில் கொஞ்சம் எடை கூடக் கிடைக்கிறது, அது நியாயமில்லை, ஆனால் கிடைக்கிறவரை பயன்படுத்திக்கொள்ளலாம்.

மொழி விஷயத்தில் கிரியோ சீக்கிரம் பிடிபடுகிறது, ஆங்கிலத்தின் அக்கா மகள் மாதிரி. காலையில் யாரைப் பார்த்தாலும் "ஹௌ டி பாடி?" என்று உடம்பை விசாரிக்க வேண்டும், விசாரிக்காமல் நேராக வேலையைப் பேசினால் மரியாதை இல்லை. காய்ச்சல் என்றால் 'வாம் பாடி', குழந்தை 'பிக்கின்'. ஆனால் கிராமத்திலிருந்து வரும் தாய்மார் பலரும் பேசுவது மேண்டே, அதில் எனக்கு வணக்கம் தவிர ஒன்றும் தெரியாது. தெருவில் சின்னப் பிள்ளைகள் என்னைப் பார்த்து 'பூமுய்' என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள், வெள்ளைக்காரர் என்று பொருள். ஃபேர் அண்ட் லவ்லி போட்டும் ஊரில் கிடைக்காத பட்டம்.

நான் வந்த கொஞ்ச நாளில் நோன்பு மாதம். இங்கே முஸ்லிம்கள் பெரும்பான்மை, கிறிஸ்தவர்களும் நிறைய, ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருக்கும். பகல் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அந்தப் புழுக்கத்தில் நீண்ட ஷிஃப்ட் பார்த்தவர்களை வைத்துக்கொண்டு நான் டீ குடிக்கப் போகக் கூச்சப்பட்டால், "போய்க் குடிங்க, உங்க முகத்தைப் பார்க்க எங்களுக்குக் கஷ்டமா இருக்கு" என்று விரட்டினார்கள். சாயங்காலம் நோன்பு திறக்கும்போது கஞ்சி கொடுத்தார்கள். கொஞ்சம் இனிப்பாக, இஞ்சி வாசனையோடு. நம் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி ஞாபகம் வந்துவிட்டது, ஆனால் அது ருசி வேறு.

சாப்பாட்டில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அரிசிச் சோறு சாப்பிடாவிட்டால் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை என்று கணக்கு வைக்கிற மக்கள், நமக்கு வேறென்ன வேண்டும். அதுவும் இறக்குமதி அரிசிதான் பெரும்பகுதி, சந்தையில் மூட்டைகளின் மேல் இந்தியப் பெயர்களைப் பார்க்கலாம். 2023-ல் இந்தியா பச்சரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது நம் ஊரில் அது ஒரு நாள் செய்தி, இந்தப் பக்கத்து நாடுகளில் அது அடுப்படி வரை வந்த விஷயம். தொட்டுக்கொள்ள மரவள்ளி இலையை இடித்து, செம்பனை எண்ணெயில் கருவாடு, வேர்க்கடலை விழுது, எரிகிற மிளகாய் சேர்த்துக் கொதிக்கவிட்ட குழம்பு. முதல் வாய்க்கு எண்ணெய் வாசனை தூக்கலாக இருந்தது. இப்போது வெள்ளிக்கிழமை மத்தியானம் அதற்காகவே காத்திருக்கிறேன். முருங்கை மரம் இருக்கிறது, கறிவேப்பிலைதான் இல்லை. காசுக் கணக்குத்தான் தலைசுற்றுகிறது. 2022-ல் பணத்தில் மூன்று சைபரை வெட்டிவிட்டார்கள், ஆனால் சந்தையில் அம்மாக்கள் இன்னும் பழைய ஆயிரத்தில்தான் விலை சொல்கிறார்கள், நான் மனதில் சைபரை வெட்டி, டாலராக்கி, ரூபாயாக்கி முடிப்பதற்குள் கத்தரிக்காயை வேறு யாரோ வாங்கிப் போய்விடுகிறார்கள்.

அம்மா தினம் வாட்ஸப்பில் கேட்பது சாப்பிட்டியா, தூங்கினியா, ஊசி போட்டியா. எலி விஷயத்தை நான் இன்னும் சொல்லவில்லை, அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், அவன் கூகுளில் தேடிவிட்டு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

சில நர்சிங் தோழிகள் எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மூன்று வருட வார்டு அனுபவம், ஆங்கிலத்தில் தயங்காமல் பேச வருவது, அதோடு பிரெஞ்சு தெரிந்தால் பாதி ஆப்பிரிக்கா திறக்கும். வென்டிலேட்டர் அனுபவத்தைவிடக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தைத்தான் அதிகம் கேட்டார்கள். வீட்டில் அனுமதி வாங்குவது பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அது தனிப் பதிவு.

மே மாதம் மழை தொடங்கும். அதோடு கொசு, அதோடு மலேரியா. ஜூலை, ஆகஸ்டில் பழைய அறுவடை தீர்ந்து புதியது வராத பசிக்காலமும் சேர்ந்துகொள்ளும், ஊட்டச்சத்துக் குறைவைப் பார்க்க மேல்கையைச் சுற்றி அளக்கும் நாடாவில் சிவப்பு, அதாவது பதினொன்றரை சென்டிமீட்டருக்குக் கீழே அளவு காட்டும் குழந்தைகள் கூடும். 2024 ஏப்ரலிலிருந்து இங்கே குழந்தைகளுக்கு மலேரியா தடுப்பூசி போடத் தொடங்கியிருக்கிறார்கள், அதனால் வார்டில் கூட்டம் குறையுமா என்று கேட்டேன். "வெளியே நல்லது நடக்கட்டும், நாம் கட்டிலைக் குறைக்க வேண்டாம்" என்றார் பொறுப்புச் செவிலியர். கடந்த வருடங்களின் பதிவேடுகளை மேசையில் பரப்பி, ஜூன் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் எத்தனை பேர் வேண்டும் என்று நானும் அவரும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமைக்குள் ஃப்ரீடவுனுக்கு அனுப்பியாக வேண்டும். இரவு ஷிஃப்டில்தான் ஒத்துவரவில்லை, அவர் கேட்கும் எண்ணிக்கை நான் போட்டதைவிட அதிகம், பட்ஜெட்டில் இடிக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் எண்ணைத்தான் எழுதியிருக்கிறேன். ஏன் என்று கேட்டு அங்கிருந்து போன் வரும், அதற்குப் பதில் சொல்லத்தானே எனக்குச் சம்பளம்.